ஒளிர்வதெல்லாம் உண்மையா?

கையை உயர்த்த வேண்டும் என்று நினைத்த மறுகணமே கை உயர்கிறது; போதும் என்று எண்ணியதும் இறங்கிவிடுகிறது. இயங்கத் தொடங்குவது எவ்வளவு முக்கியமோ, உரிய நேரத்தில் நிற்பதும் அவ்வளவு முக்கியம். நரம்பில் ஓடும் மின்குறிப்பை முடித்து வைக்கும் பணியைப் பொட்டாசியக் கால்வாய்கள் செய்கின்றன. இவை நரம்பு, தசை ஆகியவற்றின் உயிரணுச் சவ்வில் பதிந்துள்ள புரதங்கள். மின்குறிப்பு வரும்போது சோடியம் அயனிகள் உயிரணுவுக்குள் பாய்கின்றன. சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. அம்மாற்றத்தால் பொட்டாசியக் கால்வாய்கள் திறக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியேற, நரம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இவ்வளவு நுண்ணிய கால்வாய்கள் நரம்பில் எங்கே உள்ளன என்பதை எப்படி அறிவது? இங்கேதான் எதிர்ப்பொருள் கைகொடுக்கிறது. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதமே எதிர்ப்பொருள். கால்வாய்ப் புரதத்தின் ஒரு சிறு பகுதியை முயலின் உடலில் செலுத்தினால், முயல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கும். அதனை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஒளிரும் சாயத்தை இணைத்து, மெல்லிய நரம்புத் துண்டின்மீது இடுவர். எதிர்ப்பொருள் பற்றிய இடம் நுண்ணோக்கியில் ஒளிரும். எதிர்ப்பொருள்களின் துணையுடன், எலியின் நரம்பில் இருவகைப் பொட்டாசியக் கால்வாய்கள் நரம்பு உறையின் இடைவெளிகளை அடுத்து, உறைக்கு அடியில் திரண்டிருப்பதை 1993இல் ஆய்வாளர்கள் கண்டனர்.

ஆயினும், எதிர்ப்பொருள் சில வேளைகளில் ஒத்த உருவமுடைய வேறொரு புரதத்தையும் பற்றிக்கொள்ளும். ஆகவே, எதிர்ப்பொருளையும் சோதிக்க வேண்டும். அந்தக் கால்வாய்க்குரிய மரபணு நீக்கப்பட்ட எலியின் நரம்பில் அதே எதிர்ப்பொருளை இடுவர். அங்கே கால்வாய் இல்லை. எனவே, ஒளியும் தோன்றக்கூடாது. தோன்றினால், அந்த எதிர்ப்பொருளை நம்ப இயலாது.

இந்த எச்சரிக்கை மருத்துவத்திற்கும் பொருந்தும். உறக்கத்திலும் தசைகள் ஓயாமல் துடிக்கும் ஒரு நோயை, 1961இல் ஐசக்ஸ் என்னும் தென்னாப்பிரிக்க மருத்துவர் விவரித்தார். இந்நோயாளிகள் சிலரின் இரத்தத்தில், பொட்டாசியக் கால்வாயைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதாக 1990களில் மருத்துவர்கள் கருதினர். மூளைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த கால்வாய்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு, நோயாளியின் எதிர்ப்பொருள் அவற்றைப் பற்றுகிறதா என்று பார்த்தனர். ஆனால், பிரித்தெடுத்தபோது கால்வாயுடன் ஒட்டியிருந்த அண்டைப் புரதங்களும் சேர்ந்தே வந்திருந்தன. பெரும்பாலும் எதிர்ப்பொருள் பற்றியது அண்டைப் புரதத்தையே. கால்வாய் அதனுடன் இழுபட்டு வந்தது. எல்ஜிஐ1, காஸ்பர்2 எனப்படும் அப்புரதங்களே உண்மையான இலக்குகள் என்பது 2010இல் வெளிப்பட்டது. இன்று மருத்துவர்கள் இவ்விரண்டுக்கும் உரிய எதிர்ப்பொருள்களைத் தனித்தனியே சோதித்து நோயை உறுதி செய்கின்றனர்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பார்கள். நுண்ணோக்கியில் மின்னுவதற்கும் அது பொருந்தும். கிடைத்த விடையோடு நின்றுவிடாமல், விடை தந்த கருவியையும் சோதித்துப் பார்ப்பவரே நல்ல ஆய்வாளர்.