மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு: மங்கலின் காரணமும் திருத்தமும்

மும்பை மாதுங்காவிலுள்ள கிங்ஸ் சர்க்கிள் பூங்காவிற்கு மகேஸ்வரி உத்யான் என்பது அதிகாரப் பெயர். ஆயினும் அங்கு வாழும் தமிழரின் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. தாதர்ப் பக்கமிருந்து சயான் நோக்கிச் செல்லும் டாக்டர் அம்பேத்கர் சாலை இவ்வட்டத்தைத் தொட்டுச் செல்கிறது. அருகே காந்தி மார்க்கெட்டை ஒட்டிய நிலம் தாழ்வானது. பருவமழை வலுக்கும்போது அங்கு நீர் தேங்கிவிடும். இத்தகைய இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு, நீரில் மறைந்த குழியை எந்த விளக்கும் காட்டித் தராது. ஆனால் நீர் எங்கே தொடங்குகிறது, சாலையைக் கடக்கும் மனிதர் எங்கே நிற்கிறார் என்பவற்றை நல்ல விளக்கு காலத்தில் காட்டிவிடும். மங்கிய விளக்கு அவற்றை மிக அண்மையில்தான் காட்டும்.

மழையிரவில் விளக்கு மங்கியதாகத் தோன்றுவதற்கு ஓர் இயற்கைக் காரணமும் உண்டு. உலர்ந்த தார்ச்சாலையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதன்மேல் விழும் ஒளி பல திசைகளிலும் சிதறி, ஒரு பகுதி ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. நீர்ப்படலம் மூடிய சாலையோ கண்ணாடி போன்றது. சாய்வாக விழும் ஒளியின் பெரும்பகுதியை முன்னோக்கியே திருப்பி அனுப்பிவிடுகிறது. எனவே ஓட்டுபவருக்குச் சாலை கறுத்துத் தோன்றும். எதிரே வருபவருக்கோ கூச்சம் மிகும். விளக்கு பழுதாகிவிட்டது என்று முடிவு செய்யுமுன், உலர்ந்த சாலையிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

உலர்ந்த சாலையிலும் ஒளி குறைவாகவே இருந்தால், பலரும் முதலில் பல்பையே குறை கூறுவர். உடனே அதிக வாட் பல்பு ஒன்றை வாங்கி மாட்டுவதும் வழக்கம். பல நேரங்களில் குறை பல்பிலன்று, பாட்டரியிலிருந்து பல்பு வரையுள்ள வழியில்தான் இருக்கும். ஸ்விட்சின் தொடுமுனை, கம்பிகளின் இணைப்பு, பல்பின் ஹோல்டர், எர்த் இணைப்பு ஆகிய ஒவ்வொன்றும் சிறிதளவு மின்னழுத்தத்தை விழுங்குகிறது. கடற்காற்றும் மழைநீரும் சேர்ந்த மும்பை போன்ற ஊரில் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, இவ்விழப்பு விரைவில் வளரும்.

இழப்பு சிறிதாயினும் விளைவு சிறிதன்று. டங்ஸ்டன் இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்கை ஒட்டி மாறுகிறது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளியில் 30 விழுக்காடு போய்விடும். 20 விழுக்காடு குறைந்தால் பாதிக்கும் மேல் போய்விடும். மறுபுறம், மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அடிக்கடி பல்பு கருகும் வண்டியில் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டுவது இதனாலேயே.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, ஹைபீமை எரியவிட்டு, முதலில் பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். பின்னர், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் ஹோல்டர் முனைகளில் அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளப்பவர் ஏமாறுவார். மின்னோட்டம் இல்லாதபோது வீழ்ச்சியும் இராது, கெட்ட இணைப்பும் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். ஓம் அளவையும் இங்கு உதவாது. அரை ஓம் என்பது சாதாரண மீட்டரில் பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றாது. ஆனால் 3 ஆம்பியர் ஓடும் வழியில் அது ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பாட்டரியில் 13.6 வோல்ட், ஹோல்டரில் 11.6 வோல்ட் எனில், வீழ்ச்சி 2 வோல்ட். ஒளியில் ஏறத்தாழ 42 விழுக்காடு இழப்பு. இனி மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றதைப் பல்பின் நேர்முனையிலும் வைத்தால் போகும் வழியின் இழப்பு கிடைக்கும். பல்பின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் திரும்பும் வழியின் இழப்பு கிடைக்கும். முதலது 1.4, இரண்டாவது 0.6 என வந்தால், ஸ்விட்சைப் பிரித்துத் துடைப்பதோடு எர்த்தையும் கவனிக்க வேண்டும் என்பது விளங்கும். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் அடங்கினால் வழி செம்மையாக உள்ளது எனலாம். பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: ஓம் விதியைக் கற்பிக்கக் கரும்பலகைக் கணக்கைவிட, பள்ளி வாசலில் நிற்கும் வண்டியில் செய்து காட்டும் இச்சோதனை மாணவர் மனத்தில் எளிதில் பதியும்.

எர்த் பற்றித் தனியே ஒரு சொல். பழைய வண்டிகள் சிலவற்றில் விளக்கின் மின்னோட்டம் ஹேண்டில் திரும்பும் பேரிங் வழியாகவே சட்டத்தை அடைகிறது. அங்குள்ளது கிரீஸ், அது மின்சாரத்துக்கு நல்ல வழியன்று. ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு மினுக்கினால், விளக்கின் உட்பகுதியிலிருந்து பாட்டரியின் எதிர்முனைக்குத் தனிக்கம்பி ஒன்று இழுத்துவிடுவதே தீர்வு. செலவு சொற்பம்.

சென்னையில் 1955 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட் வண்டிகள் 6 வோல்ட் மின்முறையில் ஓடியவை. அவற்றைப் பேணி வருவோர் இவ்விழப்பை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். 36 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கிறது. 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் கேட்கிறது. வழியில் 0.2 ஓம் இருப்பின், முன்னதில் 5 விழுக்காடும் பின்னதில் 20 விழுக்காடும் மின்னழுத்தம் வீழும். ஒரே துரு, நான்கு மடங்கு தண்டனை. வேறு சில வண்டிகளில் முகப்பு விளக்கு பாட்டரியின்றி, மாக்னெட்டோ தரும் மாறுதிசை மின்னோட்டத்தில் நேரே எரியும். அவற்றில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒளி மங்குவது இயல்பே, பழுதன்று. அவற்றை மாறுதிசைக்குரிய அளவையில் அளக்க வேண்டும்.

இனி மேம்பாடு. வழியைச் செம்மை செய்த பின்னரும் ஒளி போதாது எனில், ரிலே அமைப்பதே முதற்படி. பாட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை ரிலேவுக்கும் அங்கிருந்து பல்புக்கும் கொண்டுசெல்லலாம். பழைய ஸ்விட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். அதில் ஓடுவது ஏறத்தாழ 0.15 ஆம்பியரே. ஹைபீமுக்கும் லோபீமுக்கும் தனித்தனி ரிலே வேண்டும். நேர்திசை மின்னோட்டத்தில் எரியும் விளக்குகளுக்கே இம்முறை பொருந்தும். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்குமாறு அமைக்கப்பெறுகிறது. ஆதலால் இணைப்புகளின் மேல் விழும் சுமை பகலிலும் ஓய்வதில்லை.

எச்.எஸ்.1 வகை 35 வாட் பல்புக்குப் பதிலாக எச்.4 வகை 60/55 வாட் பல்பைப் போடுவோர் பலர். ஹைபீமில் மின்னோட்டம் 3 ஆம்பியரிலிருந்து 5 ஆம்பியராக உயரும். வழியை மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றினால் வீழ்ச்சியும் அதே விகிதத்தில் உயரும். ஹோல்டர் பழுப்பேறி உருகும். மின்னாக்கி ஈடுகொடுக்காவிடில் பாட்டரி இறங்கும். எல்.இ.டி. பல்புகள் குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தருவன என்பது உண்மையே. ஆனால் முகப்பு விளக்கின் பிரதிபலிப்பான், குறிப்பிட்ட இடத்திலுள்ள நுண்ணிய இழைக்கென்றே வளைக்கப்பட்டது. ஒளி பிறக்குமிடம் சில மில்லிமீட்டர் விலகினாலும் கற்றை கலைந்து, சாலையில் விழ வேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். எல்.இ.டி. வேண்டுவோர், பழைய கூட்டுக்குள் புதிய பல்பைத் திணிப்பதைவிட, எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்து அங்கீகாரம் பெற்ற முழு விளக்கை நாடுவதே தக்கது.

எந்த விளக்காயினும் இறுதியில் கற்றையின் திசையைச் சரிபார்த்தாக வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். டயர்களில் உரிய காற்று அடைத்து, ஓட்டுபவர் அமர்ந்த நிலையில், வண்டியைச் சமதரையில் சுவருக்கு நேராக 8 மீட்டர் தொலைவில் நிறுத்த வேண்டும். விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, லோபீமின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழுமாறு திருகாணியைத் திருத்தலாம். விளக்கின் உயரம் 90 சென்டிமீட்டர் எனில், மேல்விளிம்பு சாலையைத் தொடுவது 72 மீட்டரில். 20 சென்டிமீட்டர் கீழே இறக்கிவிட்டால் அது 36 மீட்டராகச் சுருங்கும். ஈரச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், கண்டு பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ 27 மீட்டர் வேண்டும்; 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டருக்கும் மேல் வேண்டும். பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்தால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து கற்றை மேலெழும். நாள்தோறும் இருவராகச் செல்பவர், இருவரும் அமர்ந்த நிலையிலேயே திருகாணியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.