சுற்றைக் கூட்டினால் காந்தம் கூடுமா?

சுற்று கூடினால் காந்தப்புலம் கூடும், கரண்ட் கூடினாலும் கூடும். பிளஸ் டூவில் படிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தப்பில்லை. ஆனா மினி புராஜெக்டுக்கு மின்காந்தம் சுத்த உட்காரும்போது நம்ம கையில் இருப்பது குறிப்பிட்ட கரண்ட் இல்லை, குறிப்பிட்ட வோல்டேஜ். கணக்கு மாறுவது அங்கேதான்.

காயிலின் பலத்தை ஆம்பியர்-சுற்று என்று அளக்கிறோம். அதாவது, கரண்டைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கணும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் சப்ளை, 0.3 மி.மீ. விட்டமுள்ள எனாமல் காப்பர் வயர், ஒரு சுற்றின் சராசரி நீளம் 5 செ.மீ. இந்த வயரின் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்கு சுமார் 0.24 ஓம்.

500 சுற்று: 25 மீட்டர், சுமார் 6 ஓம், 2 ஆம்பியர். ஆக 1000 ஆம்பியர்-சுற்று. வெப்பமாகப் போவது 24 வாட்.

1000 சுற்று: 50 மீட்டர், 12 ஓம், 1 ஆம்பியர். இப்பவும் அதே 1000 ஆம்பியர்-சுற்றுதான்! ஆனா வெப்பம் 12 வாட்.

சுற்று இரண்டு மடங்கானா ரெசிஸ்டன்ஸும் இரண்டு மடங்கு, கரண்ட் பாதி. காந்தம் இருந்த இடத்திலேயே நிக்குது. இன்னும் சுத்திக்கிட்டே போனா வெளி அடுக்குகளில் ஒவ்வொரு சுற்றும் நீளமாகும். பலம் கொஞ்சம் குறையவே செய்யும்.

அப்போ பலத்தைத் தீர்மானிப்பது எது? வோல்டேஜை ஒரு சுற்றின் ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் வருவதுதான் ஆம்பியர்-சுற்று. எனவே பலம் வேணும்னா தடிமனான வயர் எடுக்கணும். 0.6 மி.மீ. வயரில் குறுக்குப் பரப்பு 4 மடங்கு, ஆம்பியர்-சுற்றும் 4 மடங்கு. ஆனா அதே 500 சுற்றுக்கு 8 ஆம்பியர் இழுக்கும், 96 வாட் சூடாகும். அந்தக் கரண்டைக் குறைக்கத்தான் சுற்றுகளைக் கூட்டுகிறோம்.

நாம ஆர்டுயினோவோடு பயன்படுத்தும் சின்ன ரிலேக்களைப் பாருங்க. 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 ஓம், 12 வோல்ட் ரிலேயில் 400 ஓம். இரண்டும் எடுப்பது ஏறக்குறைய 0.36 வாட். அதே இடத்தில் மெல்லிய வயரை அதிகச் சுற்று சுத்தியிருக்காங்க. இழுக்கும் பலம் ஒண்ணுதான்.

சப்ளையின் உள் ரெசிஸ்டன்ஸ் காயிலைவிடப் பெரிசா இருந்தா கதை வேற: அப்போ சுற்று கூடக் கூட பலமும் கூடும். இரண்டையும் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி 1831இல் பிரித்துக் காட்டினார். ஒற்றை மின்கலத்துக்குப் பல குட்டைக் காயில்களைப் பேரலலாக இணைத்தார். பல கலங்களைத் தொடராக இணைத்த பேட்டரிக்கு ஒரே நீளக் காயில். அந்த ஆண்டு யேல் கல்லூரிக்கு அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது.

இன்னொரு விஷயம்: காப்பர் 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 20 சதவீதம் கூடும், கரண்ட் ஆறில் ஒரு பங்கு குறையும். ஆன் பண்ணியதும் நல்லா இழுத்த காயில் கொஞ்ச நேரத்தில் தளர்வது இதனால்தான்.

ஆக, டிசைன் பண்ணும்போது வரிசை இதுதான்: தேவையான ஆம்பியர்-சுற்றுக்கு ஏத்த வயர் தடிமனை முதலில் முடிவு பண்ணுங்க. சப்ளையும் சூடும் தாங்கும் அளவுக்குச் சுற்றுகளைக் கூட்டுங்க. கடைசியா, சூடான நிலைக்கான ரெசிஸ்டன்ஸை வச்சு ஒருமுறை சரிபாருங்க.