பாடத் தளம் கேட்கும் விவரங்கள்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஆன்லைன் பாடத் தளம் ஒன்றில் சேரப் போனால், போன் நம்பர், பள்ளிப் பெயர் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாடம் நடத்த வகுப்பும் மொழியும் தெரிந்தால் போதுமே! மற்றவை பெரும்பாலும் விற்பனைப் பிரிவுக்குத்தான். மறுநாளே 'மேடம், டெமோ கிளாஸ்' என்று போன் வரும்.

நீங்கள் எழுதித் தருவது கொஞ்சம்தான். எந்த வீடியோவை எங்கே நிறுத்தினாள், எந்தக் கணக்கில் தடுமாறினாள் என்பது தானாகவே பதிவாகிறது. பாடத்தை அவளுக்கேற்ப அமைக்க அது உதவும், மறுக்கவில்லை. விளம்பரக்காரர்களிடம் போனால்தான் வம்பு. 2022-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு, 49 நாடுகளில் பயன்பட்ட 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, 89 சதவீதம் குழந்தைகளின் உரிமைக்குப் பாதகமாகத் தகவல்களைக் கையாண்டதாகச் சொன்னது.

நம் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது; மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அது படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது.

அதுவரை, நட்சத்திரக் குறியில்லாத கட்டங்களைக் காலியாக விடுங்கள். இருப்பிட அனுமதியை மறுத்துவிடுங்கள். படிப்பு முடிந்ததும் செயலியை மட்டும் நீக்காமல், கணக்கையே அழிக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள்.