பழைய நிரலை மாற்றுவோர் அறிய வேண்டியவை

ராஜபாளையம்

அன்புள்ள மருமகனுக்கு,

இந்தியாவில் சிறிய, நடுத்தர ஆலைகளின் கணக்கு கணினிக்கு மாறிய காலத்தில் நிரல்கள் பெரும்பாலும் ஃபாக்ஸ்புரோவிலும் விஷுவல் பேசிக்கிலும் எழுதப்பட்டன. 1998இல் வெளியான விஷுவல் பேசிக் 6க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2008இல் நின்றது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு 2015இல் நின்றது. அதன் பிறகும் அந்த நிரல்கள் பல இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பஞ்சு வரவு, நூல் விற்பனை, வாரக் கூலி எல்லாம் அவற்றில் ஏறுகின்றன. ஓடுகிற நிரலை மாற்றச் செலவழிக்க முதலாளிகள் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைக் கடைசியில் உடைப்பது பெரும்பாலும் சட்டம்தான்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது வரிக் கணக்கின் அமைப்பே மாறியது. மின் விலைப்பட்டியல் முறை, 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு முதலில் வந்தது. படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்களையும் தொட்டது. அதன்படி மற்றொரு வணிக நிறுவனத்துக்குப் போடும் ஒவ்வொரு பில்லின் விவரமும் இணையம் வழியே அரசுத் தளத்துக்குப் போய், பதிவெண்ணும் க்யூஆர் குறியீடும் பெற்றுத் திரும்ப வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் அழிக்க முடியாதபடி இருந்தாக வேண்டும். ஃபாக்ஸ்புரோ கோப்பை யார் வேண்டுமானாலும் நேரே திறந்து ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் போகலாம், தடம் இராது. இந்த இரண்டு தேவைகளும் வந்த பிறகு பழைய நிரலுக்கு ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவது கடினம்.

புதிய நிரல் எழுதுவோர் இன்று ஏதேனும் ஒரு ஃபிரேம்வொர்க்கின் மேல்தான் எழுதுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் டாட்நெட், ஜாவாவில் ஸ்பிரிங், பைத்தானில் ஜாங்கோ, பிஎச்பியில் லாராவெல், மும்பையில் உருவான ஃபிராப்பே ஆகியவை பரவலாக வழங்குபவை. எல்லா வணிக மென்பொருளுக்கும் பொதுவான வேலைகளை இவை முன்கூட்டியே செய்து வைத்திருக்கின்றன. பயனர் உள்நுழைவு, யாருக்கு எந்தத் திரை என்ற அனுமதி, தரவுத்தளத்தோடு பேசுவது, படிவத்தில் தவறான மதிப்பு நுழையாமல் தடுப்பது, இணையத் தாக்குதல்களுக்கு எதிரான அடிப்படைக் காப்பு, தரவு அட்டவணைகளை வரிசைப்படி மாற்றுவது, சோதனை நிரல்கள் ஓட்டுவது ஆகியவை அந்த வகை. இவற்றை ஒரு சிறு குழு தானே எழுதினால் மாதக்கணக்கில் ஆகும், ஓட்டைகளும் இருக்கும்.

ஃபிரேம்வொர்க் தராத ஒன்று உண்டு. அது அந்தந்தத் தொழிலின் விதிகள். பஞ்சின் விலை கண்டிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஒரு கண்டி 356 கிலோ. பஞ்சு வந்து இறங்குவது பேல் கணக்கில். ஒரு பேல் சுமார் 170 கிலோ. எடை மேடையில் ஏறுவது கிலோ. நூல் விற்பது கவுண்ட் எனும் நுண்மை அளவு வாரியாக, கிலோ விலையில். விவசாயியிடம் நேரே பஞ்சு வாங்கினால் வரியை வாங்குபவரே கட்ட வேண்டும். வியாபாரியிடம் வாங்கினால் அவர் பில்லில் வரி ஏறி வரும். தொழிலாளியின் பி.எஃப். பங்கு அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கப்படும்; ஈ.எஸ்.ஐ. பங்கோ சில்லறை இருந்தால் அடுத்த ரூபாய்க்கு உயரும். ஸ்ரீவில்லிபுத்தூரில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குப் பால் வாங்கும் இடத்தில் விதி வேறு. அங்கே லிட்டரோடு கொழுப்பும் எஸ்.என்.எஃப். எனும் பிற திடச்சத்தும் சேர்ந்து விலையை முடிவு செய்கின்றன.

இத்தகைய விதிகள் ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருப்பது அரிது. பாதி பழைய நிரலின் வரிகளுக்குள் இருக்கும். மீதி, இருபது முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவரின் நினைவில் இருக்கும். ஆகவே முதல் வேலை விதிகளைத் திரட்டுவது. ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகுதான். கணக்கரோடு உட்கார்ந்து ஒரு மாதத்துப் பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டு எழுத வேண்டும். நிரலில் காரணம் புரியாத ஒரு வரி இருந்தால் அதைப் பிழை என்று நீக்கிவிடக் கூடாது. எப்போதோ ஏற்பட்ட ஒரு வழக்கத்தை அது காத்துக்கொண்டிருக்கலாம்.

திரட்டிய விதிகளைத் தொழில்நுட்பத்திலிருந்து பிரித்து வைப்பது அடுத்த படி. இதற்கு இந்த ஊரிலேயே வேர் கொண்ட முன்மாதிரி இருக்கிறது. 1936இல் ராஜபாளையம் மில்ஸை நிறுவிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் தொழில் குழுமம், பின்னாளில் சிமெண்டு முதலிய துறைகளுக்கு விரிந்தது. அக்குழுமத்தைச் சேர்ந்த ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கிய மென்பொருள் முயற்சி, 1997இல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமாயிற்று. நிறுவனத்தின் எல்லாத் துறைகளையும் இணைக்கும் மார்ஷல் என்ற மென்பொருளை முதலில் உருவாக்கியவர்கள், பிறகு வர்ச்சுவல்வொர்க்ஸ் என்ற மேடையை அமைத்தார்கள். வேலை எந்தப் படிகளில் நடக்கிறது, எந்தத் திரையில் எது தெரிய வேண்டும், எந்த விதி எங்கே பொருந்தும் என்பதையெல்லாம் அதில் மாதிரியாக வரையறுத்தால், அதிலிருந்து நிரல் உருவாகிவிடும். அடியிலுள்ள தொழில்நுட்பம் மாறினாலும் தொழிலைப் பற்றிய வரையறையை மறுபடி எழுத வேண்டியதில்லை. சிறிய ஆலைக்கு அத்தகைய மேடை தேவைப்படாது. ஆனால் வரி, அலகு மாற்றம், கூலி ஆகியவற்றின் கணக்கைத் திரை நிரலோடு கலக்காமல் தனித் தொகுதியாக எழுதுவது எவருக்கும் இயலும்.

பிரித்து வைப்பதன் பயன் 2025 செப்டம்பர் 22 அன்று கண்கூடாயிற்று. அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றப்பட்டு, வரிப் பட்டியலில் 3005 என்ற தலைப்பின் கீழ் வரும் காஸ், பேண்டேஜ் வகைகளின் வரி 12 சதவீதத்திலிருந்து ஐந்துக்கு இறங்கியது. விகிதத்தை நிரலுக்குள் எழுதி வைத்திருந்தால் ஒவ்வொரு திரையாகத் தேடி மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் சிக்கல் தீராது. முந்தைய வாரம் 12 சதவீதத்தில் விற்ற சரக்கு திரும்பி வந்தால், அதற்கான வரவுக் குறிப்பைப் பழைய விகிதத்தில்தான் போட வேண்டும். பொருள், விகிதம், எந்த நாள் முதல் என்ற மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை இருந்தால், ஒரு வரிசை சேர்ப்பதோடு வேலை முடியும். பில் எந்த நாளுடையதோ அந்த நாளின் விகிதம் தானாக வரும்.

மாற்றும் வேலையை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து. ஓராண்டு எழுதி, ஒருநாள் பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கினால், பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் எழுதிய முறை இதற்கு மாற்று. பனையில் விழுந்த ஆல விதை வேரிறக்கி மரத்தைச் சுற்றி வளர்ந்து, மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதைப்போல, புதிய நிரல் பழையதன் ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக ஏற்றுக்கொள்கிறது. ஆலையில் மின் விலைப்பட்டியலில் தொடங்குவது வசதி. பழைய நிரல் வழக்கம்போல் பில் போடும். புதிய நிரல் அதைப் படித்து அரசுத் தளத்துக்கு அனுப்பிப் பதிவெண்ணை வாங்கித் தரும். அது சீராக ஓடிய பின் விற்பனை, அதன்பின் பஞ்சுக் கொள்முதலும் இருப்பும், கடைசியாகச் சம்பளமும் பொதுக் கணக்கும் மாறலாம்.

தரவை நகர்த்துவதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது எழுத்து. பழைய நிரல்களில் தமிழ்ப் பெயர்கள் பாமினி போன்ற எழுத்துருக்களின் குறியீட்டில் இருக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் பெயரைத் தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. இரண்டாவது இரட்டைப் பதிவு. ஒரே வியாபாரி மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று கணக்காக இருப்பார், ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து ஒன்றாக்க வேண்டும். மூன்றாவது நாள். பொதுக் கணக்கை மாற்ற ஏப்ரல் 1 ஏற்றது. ஆண்டின் நடுவே மாற்றினால் தொடக்க இருப்பில் குழப்பம் வரும். மாற்றிய பகுதி ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு மாதம் பழையதோடு சேர்த்து ஓட்டி, இருப்பு, பாக்கி, சம்பளம் மூன்றும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சிறு வித்தியாசம்தானே என்று விடக் கூடாது. ஒரு ரூபாய் வித்தியாசம் எழுதப்படாத ஒரு விதியைக் காட்டிக்கொடுக்கும்.

ஃபிரேம்வொர்க்கைத் தேர்வதில் நாகரிகத்தைவிட ஆயுளும் ஆள் கிடைப்பதும் முக்கியம். டாட்நெட்டில் நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளுக்கு மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். ஜாங்கோவிலும் அத்தகைய பதிப்புகள் உண்டு. எனவே பதிப்பு உயர்த்தும் செலவு ஆண்டு வரவுசெலவில் இருந்தாக வேண்டும். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் ராஜபாளையம் கல்லூரிகளிலும் படித்து வருவோர் கையாளத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தால், எழுதியவர் வேலையை விட்டுப் போனாலும் நிரல் அநாதையாகாது. மூல நிரலும் தரவுத்தளக் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் வசம் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

எல்லாப் பகுதிகளும் மாறிய பிறகும் பழைய நிரலை அழிக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கணக்கேடுகளை எட்டு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது, ஜி.எஸ்.டி. சட்டம் ஆண்டு அறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கேட்கிறது. அதுவரை பழைய தரவைப் படிக்க மட்டும் முடிகிற நிலையில், இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்திருக்க வேண்டும். தணிக்கையாளர் கேட்கும் நாளில் அது திறக்கிறதா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா