அதிபருக்கே ‘கூடாது’ன்னு சொன்ன கதை



அமெரிக்க அதிபர்னா உலகத்திலேயே பெரிய அதிகாரம் உள்ளவர், அவர் நினைச்சா எதுவும் நடக்கும்னுதான் நானும் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். 1952-ல் நடந்த ஒரு விஷயத்தைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பாடம்.

அமெரிக்க அரசியலமைப்பு 1787-ல் பிலடெல்பியா நகரில் எழுதப்பட்டது. அதன் முதல் மூன்று பிரிவுகளும் மூன்று துறைகளைப் பற்றியவை.

1. காங்கிரஸ்: சட்டம் போடுவது, பணம் ஒதுக்குவது இதன் வேலை. இதில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர்.
2. அதிபர்: சட்டத்தை நிறைவேற்றுபவர். முப்படைகளுக்கும் தலைவர்.
3. உச்ச நீதிமன்றம்: 9 நீதிபதிகள். சட்டத்துக்குப் பொருள் சொல்பவர்கள். ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது.

இனிமேதான் வேடிக்கையே! ஒருத்தர் கையை இன்னொருத்தர் பிடிக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். காங்கிரஸ் போடும் சட்டத்தை அதிபர் ‘வீட்டோ’ செய்து திருப்பி அனுப்பலாம். ஆனால் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் வீட்டோ செல்லாது. நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், ஆனால் செனட் சம்மதிக்க வேண்டும். அதிபர் பெரும் குற்றம் செய்தால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும். அதிபர் செய்வதோ காங்கிரஸ் செய்வதோ அரசியலமைப்புக்கு விரோதமாக இருந்தால் ‘செல்லாது’ என்று நீதிமன்றம் சொல்லிவிடும்.

இப்போ கதைக்கு வருவோம். 1947-ல் வேலைநிறுத்தங்கள் பற்றி காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெயர் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். அப்போதைய அதிபர் ஹாரி ட்ரூமனுக்கு அது பிடிக்கவில்லை, வீட்டோ செய்தார். காங்கிரஸ் விடவில்லை. செனட்டில் மட்டும் 68-க்கு 25 என்று ஓட்டு விழுந்தது. (93-ல் மூன்றில் இரண்டு பங்கு 62 தானே? கணக்கு சரியா இருக்கா!) வீட்டோ தோற்றது, சட்டம் வந்துவிட்டது.

ஐந்து வருடம் கழிந்தது. கொரியப் போர் நடக்கிறது. 1952 ஏப்ரலில் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் சம்பளப் பிரச்சினைக்காக வேலைநிறுத்தம் செய்யத் தயாரானார்கள். எஃகு இல்லாமல் ஆயுதம் ஏது? 1947 சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போய் வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போட வழி இருந்தது. ட்ரூமன் அந்த வழியில் போகவில்லை. ஏப்ரல் 8-ம் தேதி, நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ளும்னு உத்தரவு போட்டுட்டார்!

ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். ஜூன் 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. ‘இப்படி எடுத்துக்கொள்ளக் காங்கிரஸ் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் போடுவது அதிபர் வேலையும் இல்லை. உத்தரவு செல்லாது.’ இதுதான் தீர்ப்பின் சாரம். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் ட்ரூமனே நியமித்த நீதிபதிகள்!

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. படை இருப்பது அதிபரிடம், பணம் இருப்பது காங்கிரஸிடம். நீதிமன்றத்திடம் வெறும் காகிதம்தானே? அதிபர் ‘போங்கய்யா’ன்னு சொல்லியிருந்தால்? ஆனால் ட்ரூமன் அன்றைக்கே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் ஐம்பது நாளுக்கு மேல் நடந்தது. ஆலைகளை எடுக்க அதிகாரம் கொடுங்கள் என்று அவர் காங்கிரஸிடம் கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை.

அப்படின்னா இந்த ஏற்பாடு தப்பே செய்யாதா? செய்திருக்கிறது. 1942-ல் இரண்டாம் உலகப் போரின்போது அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீட்டை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். உத்தரவை மீறினால் தண்டனை என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. 1944-ல் உச்ச நீதிமன்றமும் 6-க்கு 3 என்று அதை ஏற்றுக்கொண்டது. மூன்று பேரும் தலையாட்டிவிட்டார்கள், தடுக்க ஆளில்லை! 1988-ல்தான் ஒரு சட்டம் மூலம் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. 44 வருடம் கழித்து!

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான். 1944 தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். 1952 எஃகு ஆலைத் தீர்ப்பை எழுதியவரும் அவரேதான். அதே அரசியலமைப்பு, அதே நீதிபதி. ஒரு தடவை தடுத்தார், ஒரு தடவை தடுக்கவில்லை.

பரீட்சையில் ‘அதிகாரப் பிரிவினை என்றால் என்ன?’ என்று கேட்டால் மூன்று துறைகளின் பெயரை எழுதி மார்க் வாங்கிவிடலாம். ஆனால் பெயர் மட்டும் போதாது. தப்புன்னு தெரியும்போது ‘கூடாது’ன்னு சொல்ல அந்த நாற்காலியில் இருப்பவருக்குத் தைரியம் வேணும். சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனசு எதிரில் இருப்பவருக்கும் வேணும். இது ரெண்டும் இல்லாட்டி அரசியலமைப்பு வெறும் காகிதம்தான்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு என்ன தோணுதுன்னு வகுப்பில் பேசுவோமா?