அதிபத்தர் புராணத்திற் கூற்றும் குறிப்பும்

ஒருவரது பண்பினைப் புலவர் உணர்த்தும் நெறி இருவகைப்படும். இவர் இன்ன குணத்தினர் எனத் தாமே எடுத்துரைத்தல் ஒன்று. அவரையும் அவரைச் சூழ்ந்தாரையும் பேசவிட்டும், ஒரு பொருளைக் குறியாக நிறுத்தியும், கற்பார் தாமே உணருமாறு வைத்தல் மற்றொன்று. பின்னதே அரிது. அதனைச் சேக்கிழார் பெருமான் ஆண்ட திறத்தை அதிபத்த நாயனார் புராணத்தின்கண் ஈண்டு ஆராய்வாம்.

நாயனார் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் தோன்றியவர். எனினும் அவர் வரலாற்றை யாம் பழவேற்காட்டு ஏரிக்கரையினின்று நோக்கப் புகுகின்றோம். அதற்குக் காரணம் உண்டு. ஆரணியாறு வந்து கலக்கும் அவ்வுவர்நீர்ப் பரப்பில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்ப் பரதவரிடையே ‘பாடு’ என்றொரு முறை வழிவழியாக வந்துளது. மீன்பிடித்தற்குரிய இடங்களைப் பகுத்து, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடுக எனச் சீட்டினாலும் முறையினாலும் அவர்கள் வகுத்துக்கொள்வர். மீன் மிகும் இடமும் அருகும் இடமும் மாறிமாறி வருமாதலின், ஒருவர்க்கே ஆக்கமும் ஒருவர்க்கே கேடும் நிலைப்பதில்லை. ‘படு’ என்னும் முதனிலை திரிந்து ‘பாடு’ என நின்றது. வலையிற் படுவது மீன்பாடு. உடலும் உள்ளமும் படும் துன்பமும் பாடே. படகு தள்ளினார், வலை இழுத்தார், கரையிற் காத்திருக்கும் கிளைஞர் ஆகிய பலருடைய பாடும் ஒரு மீனின்கண் அடங்கும்.

இவ்வாழ்க்கையை அறிந்தார் அதிபத்தர் புராணத்தைப் பயிலுங்கால் ஒரு வினா எழாமற் போகாது. பலர்க்கு உணவாகற்பாலதாகிய மீனை ஒருவர் தம் அன்பு காரணமாகக் கடலில் விடுதல் தகுமோ? கிளைஞர் பசித்திருக்க அவ்வாறு செய்தல் வன்கண்மை ஆகாதோ? பத்தியின் பெருமை கூறி இவ்வினாவை ஒதுக்கிவிடுதல் எளிது. சேக்கிழார் அங்ஙனம் ஒதுக்கினாரல்லர் என்பதே யாம் காட்டப் புகுவது.

இவ்வரலாறு மூவர் வாயிலாக வளர்ந்தது. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் கடல்சூழ் நாகையையும் அதிபத்தர் பெயரையும் கூறி, அவர்க்குத் தம்மை அடியவராக்கிக்கொண்ட அளவில் அமைந்தார். நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரே செய்யுளால், நாயனார் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென விடுதலையும், பொன்மீன் பட்டபோது அதனையும் விட்டதனையும் கூறினார். அச்செய்யுளிற் பசி இல்லை; கிளைஞர் இல்லை; உடன் வலை இழுத்தாரும் இல்லை. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (கி.பி. 1133-1150) வந்த சேக்கிழாரே இம்மூன்றையும் விரித்தார். கதைக்கு அழகு தேடினாராயின் பொன்மீனின் ஒளியை மட்டும் விரித்திருத்தல் கூடும். பசியை விரித்தமையால், மேற்கூறிய வினாவைத் தாமே நம்முன் நிறுத்தினார் என்க.

முதற்கண் குறியை நோக்குவாம். புராணத் தொடக்கத்தில் நுளைப்பாடியை வருணிக்குங்கால், குடிசைகளின் புறத்தே விரித்த வலைகளையும், மீன்விலையாக வந்து குவிந்த பொன்னையும் ஆசிரியர் அடுத்தடுத்துக் காட்டுகின்றார். மீன் பொன்னாக மாறும் ஊர் அது. பின்னர் மீன்வளம் குன்றுகின்றது. பொன் நின்று, உணவும் நின்றது. முடிவில், பொன்னும் நவமணியும் உறுப்பாக அமைந்த, உலகமெலாம் விலைபெறும் மீன் ஒன்று வலையிற் படுகின்றது. முன்பு விற்றபின் வந்த பொன் இப்போது மீனின் வடிவிலேயே வந்தது. ஆகவே அதனை விடுதல் ஒருநாள் உணவை விடுதலோடு ஒழியாது. பசி முழுவதும் தீரும் வழியையே விடுதலாகும். தொடக்கத்து வருணனையை வெறும் அணியென்று கடந்து சென்றார் இக்குறிப்பை இழப்பர்.

இனிக் கூற்றை நோக்குவாம். நாயனார் நெஞ்சிற்குள் நுழைந்து ஆசிரியர் நீளப் பேசுவதில்லை. உணவின்றிக் கிளைஞர் வாடியதனைக் குறித்தும் அவர் வருந்திலர் என்று மறையாது கூறுகின்றார். அடுத்தே, நாயனாரும் உணவை மறந்து உடல் தளர்ந்தமையைக் காட்டுகின்றார். தலைவர் உண்டு, கிளைஞர் பட்டினி கிடந்தாரல்லர், பாடு பொதுவாயிற்று.

பொன்மீன் கரையேறிய இடமே இப்புராணத்தின் உயிர்நிலை. ஞாயிறு உதித்தாற்போன்ற ஒளியோடு அது வந்தது. கையில் எடுத்தவர்கள் உடனின்ற பரதவர், பலநாட் பசித்தவர்கள். அவர்கள் வாயில் ஆசிரியர் வைத்த சொல் யாது? பொன் என்றாரல்லர்; மணி என்றாரல்லர்; பசி தீர்ந்தது என்று கூவினாருமல்லர். மீன் ஒன்று பட்டது என்றே அறிவித்தனர். தலைவர் ஒரு மீனாயினும் இறைவனுக்கென விடுவார் என்பதை அறிந்தவர்கள், பொன்னைக் கையிலேந்தியும் அதனை மீன் என்றே எண்ணி ஒப்புவித்தனர். தலைவரது நோன்பு அவர்களுடைய நோன்புமாயிற்று என்பதற்கு இக்கூற்றினும் சான்று வேண்டா. அவரைப் பற்றி ஆயிரம் புகழ்மொழி கூறினும், உடனுழைத்தார் வாயிற் பிறந்த இச்சிறு சொல் காட்டும் பண்பைக் காட்டமாட்டாது.

நாயனார் மறுமொழியும் நோக்கத்தக்கது. அவர் பொன்னைப் பொன்னென்று அறியாதவரல்லர். பொன்னாலும் மணியாலும் ஆகிய அதன் உறுப்புக்களை எடுத்துக் கூறியே, தம்மை ஆட்கொண்டவர்க்கு அஃது உரியது என்று அலையில் விடுகின்றார். மெய்கண்ட நூல்கள் பிற்காலத்து இருவினையொப்பு என வகுத்துரைத்தது இந்நிலையே. வறுமைநாளின் எளிய மீனும் செல்வநாளின் பொன்மீனும் அவர் கைக்கு ஒன்றே. துன்பத்தில் மட்டும் உறுதியாக நிற்றல் பலர்க்கும் கூடும். துன்பம் தீரும் வாயில் திறந்தபோதும் அவ்வாறே நிற்றல் அரிது.

இங்கே தொல்காப்பியர் கூறிய ஓர் இலக்கணம் நினைக்கத்தகும். உள்ளுறையுவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை இடமாகக் கொண்டு வரும் என்றார் அவர். அஃது அகப்பாட்டிற்கு உரியதாயினும் ஈண்டும் ஒளி தருகின்றது. நெய்தற் கருப்பொருளாகிய மீன் குறியாக நிற்கின்றது. இறைவன் குறியாக நிற்பதில்லை. குறி கடலிற் சென்று மறைந்தபின், அவன் விடைமேல் நேரே எழுந்தருளுகின்றான்.

இறைவன் நாயனாரைச் சிவலோகத்தில் அடியாரோடு உறையுமாறு அருளினான் என்பதோடு புராணம் முடிகின்றது. கிளைஞர் பசி எவ்வாறு தீர்ந்தது என்பதை ஆசிரியர் கூறிற்றிலர். எனவே நம் வினாவிற்கு முற்ற விடை வந்ததென்று யாம் சொல்லோம். ஆயின் வன்கண்மை என்ற குற்றம் நில்லாது என்பது தெளிவு. வன்கண்மையுடைய தலைவனுக்கு உடனுழைப்பார் பொன்னை மீன் என்று கூறிக் கொடார். நாகையில் ஆவணி ஆயில்யத்தன்று பொன்மீன் விடும் விழாவைக் காண்பாரும், பழவேற்காட்டிற் பாடு பகிர்ந்து வாழ்வாரை அறிந்தாரும், விட்ட கையோடு எடுத்துக் கொடுத்த கைகளையும் எண்ணுதல் கடன். தனியொருவர் துறவிற்குப் பின்னே பசித்தும் உடன்பட்டு நின்றவர் பலர் உளர் என்பதனைப் புராணம் பயில்வார் மறவாதிருப்பாராக.