கணிப்பொறி பாடுகிறது, விளம்பரம் உண்மை பேசுகிறதா?

மரக்காணம், அனுமந்தை வட்டாரத்துப் பாத்திகளில் வாரிய உப்பு ஒரு தட்டில் இருக்கிறது. அயோடின் சேர்த்த உப்பு மற்றொரு தட்டில் இருக்கிறது. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியுமா? முடியாது. நாவிற்கும் வேறுபாடு புலப்படாது. ஆனால் உணவில் அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். ஆகவே, கடையில் விற்கும் சமையல் உப்பில் 1 கிலோகிராமுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். பையின்மேல் அதைக் குறிப்பிடவும் வேண்டும். சந்தேகம் எழுந்தால், அதற்கென உள்ள சோதனைத் திரவத்தில் ஒரு துளி போதும். அயோடின் சேர்த்த உப்பு நீல நிறம் காட்டும்.

மாணவர்களே, இன்று பாட்டுக்கும் இந்த நிலை வந்துவிட்டது. மனிதர் பாடியதா, கணிப்பொறி பாடியதா என்று செவியால் சொல்ல முடியாத பாடல்கள் உருவாகின்றன. ஆனால், தவறாமல் நீலம் காட்டும் துளி எதுவும் பாட்டுக்கு இல்லை. பையின்மேல் எழுதுபவரின் நேர்மையையே நாம் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நேர்மை எதில் அடங்கியிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குரல் பிறக்கும் விதம்

தொண்டையில் உள்ள குரல்நாண்கள் அதிர்ந்து ஒலியை எழுப்புகின்றன. அவற்றின் அதிர்வெண் சுருதியைத் தீர்மானிக்கிறது. அந்த ஒலி தொண்டை, வாய் ஆகியவற்றால் ஆன குழாய் வழியே வெளிவருகிறது. வளர்ந்த ஆணுக்கு இக்குழாயின் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ. இதை ஒரு முனை மூடிய குழாயாகக் கொண்டால், முதல் ஒத்ததிர்வின் அதிர்வெண் = ஒலியின் திசைவேகம் ÷ (4 × நீளம்) = 340 ÷ (4 × 0.17) = 500 ஹெர்ட்ஸ். நாக்கையும் உதட்டையும் அசைக்கும்போது குழாயின் வடிவம் மாறி, ஒத்ததிர்வுகளும் இடம் மாறுகின்றன. அதனால்தான் ஒரே சுருதியில் ‘ஆ’ வேறாகவும் ‘ஈ’ வேறாகவும் கேட்கின்றன. இக்குழாயின் அமைப்பு ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். இருவர் ஒரே சுருதியில் பாடினாலும் இன்னார் பாடுகிறார் என்று நாம் அறிந்துகொள்வதற்கு, குரலின் இந்தப் பண்பு ஒரு முக்கியக் காரணம்.

கணிப்பொறி கற்ற மூன்று வழிகள்

1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறி ‘டெய்சி பெல்’ என்ற பாட்டைப் பாடியது. ஜான் கெல்லியும் கரோல் லாக்பாமும் தொண்டைக் குழாயையே கணக்காக எழுதிக் கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள். பக்க இசையை மாக்ஸ் மாத்யூஸ் அமைத்தார். அந்தக் குரல் எந்த மனிதருடையதும் அன்று.

இரண்டாம் வழியில், ஒருவர் ஒலித்துக் கொடுத்த சிறு சிறு ஒலித்துண்டுகளைச் சேமித்து, வேண்டிய சுருதியில் கோத்துப் பாட வைத்தார்கள். ஜப்பானின் யமஹா நிறுவனத்தின் ‘வோக்கலாய்டு’ நுட்பத்தில் அமைந்த மென்பொருள்கள் 2004-இல் விற்பனைக்கு வந்தன. 2007-இல் அதே நுட்பத்தில் ‘ஹட்சுனே மிக்கு’ வெளிவந்தது. அதற்குக் குரல் கொடுத்தவர் சாகி புஜிதா. இதற்கென்றே அவர் குரலைப் பதிவு செய்தார்கள். அவர் பெயரையும் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

மூன்றாம் வழி இன்றைய செயற்கை நுண்ணறிவு. ஒருவரின் பழைய பதிவுகளிலிருந்து அவர் குரலின் பண்பைக் கணிப்பொறி கற்றுக்கொள்கிறது. பிறகு வேறொருவர் பாடிக் கொடுக்க, அதன்மேல் அந்தப் பண்பை ஏற்றிவிடுகிறது. கமகமும் மூச்சும் பாவமும் பாடிக் கொடுத்தவருடையவை, குரல் மற்றவருடையது. ஆகவே இங்கே இரண்டு பேருடைய உழைப்பு இருக்கிறது. குரலுக்கு உரியவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வர வேண்டியதே இல்லை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் நடந்தவை

2024-இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்கள் இம்முறையில் ஒலித்தன. இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்றதாகவும், உரிய ஊதியம் வழங்கியதாகவும் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் பாட்டு வெளியான சமயத்திலேயே அறிவித்தார்.

இதற்கு மாறாக, 2023-இல் வந்த ‘கீடா கோலா’ என்னும் தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை இசைவு பெறாமல் செயற்கையாக உண்டாக்கினார்கள் என்பது அவர் மகன் எஸ்.பி. சரணின் புகார். அவர் 2024-இல் படக்குழுவினருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

அதே ஆண்டு ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. புகழ்பெற்றவரின் குரலை அவர் அனுமதியின்றி உண்டாக்கும் கருவிகளைப் பிறருக்கு அளிப்பது அவருடைய உரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் கருதியது. பாட்டைச் செய்தவர் மட்டுமல்லர், கருவியைப் பரப்பியவரும் பொறுப்பாளி என்பதை இங்கே கவனியுங்கள்.

விளம்பரத்துக்குள் ஒரு கணக்கு

அனுமதி பெற்றுவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஒரு மென்பொருள் 10 தடவைக்கு 1 தடவைதான் நன்றாகப் பாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 20 தடவை பாட வைக்கிறார்கள். ஒன்றுகூட நன்றாக அமையாமல் போவதற்கான நிகழ்தகவு, 0.9 என்னும் எண்ணை 20 முறை பெருக்கி வருவது. அதாவது ஏறக்குறைய 0.12. எனவே ஒன்றாவது நன்றாக அமைவதற்கான நிகழ்தகவு 0.88. அந்த ஒன்றை மட்டும் விளம்பரத்தில் ஒலிக்க விட்டு, ‘எங்கள் மென்பொருள் பாடியது’ என்று எழுதினால் அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் ‘எப்போதும் இப்படியே பாடும்’ என்று கேட்பவர் மனத்தில் உண்டாகும் எண்ணம் பொய். அந்த ஒன்றையும் கைதேர்ந்த ஒலிப்பதிவாளர் பல மணி நேரம் திருத்தியிருந்தால் பொய் இன்னும் பெரிது. முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

ஆகவே, பாடும் மென்பொருளை விற்பவர் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்:

1. இது யாருடைய குரல்? அவரோ அவர் குடும்பத்தாரோ இசைந்தார்களா? ஊதியம் பெற்றார்களா?
2. பாடிக் கொடுத்தவர் யார்?
3. மாதிரிப் பாட்டு எத்தனை முயற்சிகளில் கிடைத்தது? கையால் எவ்வளவு திருத்தினார்கள்?
4. செயற்கைக் குரல் என்பதைக் கேட்பவர் அறியும்படி சொல்லியிருக்கிறார்களா?

நம் ஊர்ப் பாடகருக்கு யார் துணை?

விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாவின்போது தெருக்கூத்து நடக்கும். விடிய விடியப் பாடும் கலைஞரை மாணவர் ஒருவர் கைபேசியில் பதிவு செய்கிறார். கலைஞர் அதைக் கண்டு மகிழ்ந்து தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பு பதிவு செய்வதற்கு மட்டுமே உரிய சம்மதம். அப்பதிவை மென்பொருளில் ஏற்றி, அவர் பாடாத பாட்டை அவர் குரலில் பாட வைப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்பதே அவருக்குத் தெரியாது. புகழ்பெற்ற பாடகர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஓர் இரவுக் கூலிக்குப் பாடுபவர் எங்கே போவார்? அவருக்குக் குரல்தான் நிலம், குரல்தான் தொழில். அடுத்த ஆண்டு விழாவில் அவருக்குப் பதில் அவர் குரலே ஒலிபெருக்கியில் பாடினால், அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

இந்த நுட்பம் தீயது என்பதன்று. நோயால் குரல் இழந்தவருக்கு அவருடைய பழைய குரலையே ஓரளவு திருப்பித் தர இதே அறிவியல் உதவுகிறது. கேட்டுப் பெற்றால் கொடை; கேளாமல் எடுத்தால் களவு. அதை மறைத்து விற்றால் இரட்டைக் களவு.

சிந்திக்க

1. தொண்டைக் குழாயின் நீளம் 14 செ.மீ. ஆனால் முதல் ஒத்ததிர்வின் அதிர்வெண் என்ன?
2. 4 தடவைக்கு 1 தடவை நன்றாகப் பாடும் மென்பொருளை 10 தடவை பாட வைத்தால், ஒன்றாவது நன்றாக அமைய நிகழ்தகவு என்ன?
3. உங்கள் கைபேசியில் வரும் இத்தகைய விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கண்ட நான்கு கேள்விகளில் எத்தனைக்கு அதில் விடை இருக்கிறது?